எண்ணெய்ப் பெயிண்டா, நீர்ப் பெயிண்டா? பூச்சு காட்டும் அறிகுறியிலிருந்து முடிவுக்கு வருதல்

பூசிய பெயிண்ட் உரிந்தாலும் உப்பினாலும் மஞ்சளித்தாலும் பழி முழுவதும் டப்பாவின் மேல் விழுவதுதான் வழக்கம். உரிந்த பொருக்கு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தால், காரணம் பெரும்பாலும் அதன் பின்பக்கத்தில், அதாவது அது எதன்மேல் பூசப்பட்டதோ அந்தப் பரப்பில் இருப்பது தெரியவரும். எண்ணெய்வகை, நீர்வகை ஆகிய இரண்டில் எது உயர்ந்தது என்ற கேள்விக்குத் தனியாக ஒரு விடை சொல்ல முடியாமல் போவதும் இதனால்தான். தரமான எனாமல் ஈரம் காயாத சிமெண்ட் பூச்சின்மேல் சில மாதங்களில் கெட்டுப்போகும். தரமான எமல்ஷன் வழவழப்பான பழைய எனாமலின்மேல் நகம் பட்டாலே கழன்று வரும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் கோளாறில் தொடங்கி, காரணத்தைச் சோதித்து உறுதிசெய்துகொண்டு, அதன் பிறகு எந்த வகையை வாங்குவது என்று தீர்மானிப்பதே பாதுகாப்பான வரிசை.

பெயர்களைப் பற்றி ஒரு குறிப்பு. ஆயில் பெயிண்ட், சிந்தெடிக் எனாமல் என்று விற்கப்படுபவை எண்ணெய்வகை. எமல்ஷன், அக்ரிலிக் என்று விற்கப்படுபவை நீர்வகை. எனாமல் என்ற சொல்லை மட்டும் நம்பிவிட வேண்டாம், ஏனெனில் நீரில் கலக்கும் எனாமலும் இப்போது கிடைக்கிறது. எதைக் கொண்டு நீர்க்கச் செய்ய வேண்டும், பிரஷ்ஷை எதில் கழுவ வேண்டும் என்று டப்பாவில் அச்சிட்டிருப்பதே உறுதியான அடையாளம்.

இரண்டும் உலரும் விதம்

பின்வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறப்பவை. இன்றைய எண்ணெய்ப் பெயிண்டில் இருப்பது பெரும்பாலும் ஆல்கைட் பிசின். ஆளிவிதை, சோயா போன்றவற்றின் எண்ணெயைக் கொண்டு தயாரிக்கப்பட்டு, மினரல் டர்பெண்டைன் போன்ற கரைப்பானில் கரைக்கப்பட்டிருக்கும். கரைப்பான் ஆவியாவதோடு அதன் வேலை முடிவதில்லை. பிறகு அது காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, கடினமான படலமாக மாறுகிறது. இந்த வினை படலம் காய்ந்த பிறகும் மெதுவாக ஆண்டுக்கணக்கில் தொடர்வதால், தொடக்கத்தில் வலிமையாகத் தோன்றிய படலம் காலப்போக்கில் நொறுங்கும் தன்மையை அடைகிறது.

நீர்ப் பெயிண்டில் அக்ரிலிக் அல்லது வினைல் பிசினின் நுண்துகள்கள் தண்ணீரில் பரவிக் கிடக்கின்றன. தண்ணீர் ஆவியாக ஆக, துகள்கள் நெருங்கி, நசுங்கி, ஒன்றாக இணைந்து படலமாகின்றன. இந்த இணைப்புக்கு ஓரளவு வெப்பம் வேண்டும். ஆகவேதான் பெரும்பாலான நீர்ப் பெயிண்டுகளை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பூச வேண்டாம் என்று டப்பாவில் எழுதியிருக்கிறார்கள். தொட்டுப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் காய்ந்தது போலத் தோன்றும், இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் அடுத்த கோட் கொடுக்கலாம். ஆயினும் முழு வலிமை வர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். எண்ணெய்வகைக்கு அடுத்த கோட் கொடுக்கவே பெரும்பாலும் 16 முதல் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். எண்ணெய்ப் படலம் நீராவியை எளிதில் விடாது. நீர்வகைப் படலம், குறிப்பாகப் பளபளப்பில்லாத மேட் வகை, ஓரளவு விடும். ஒன்று கடினமானது, மற்றது நெகிழ்வானது.

பழைய பூச்சு எது என்று தெரியவில்லை

எந்தக் கோளாறானாலும் இந்தச் சோதனையை முதலில் செய்துவிடுங்கள். மறைவான ஓர் இடத்தைச் சோப்பு நீரால் கழுவித் துடைத்து உலரவிட்டு, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அரை நிமிடம் அழுத்தித் தேயுங்கள். பெயிண்ட் இளகிப் பஞ்சில் நிறம் ஒட்டினால் அது நீர்வகை. பஞ்சு சுத்தமாகவே இருந்து, பரப்பின் பளபளப்பும் குறையாவிட்டால், எண்ணெய்வகை என்று எடுத்துக்கொள்ளலாம். ஈரத்துணியால் துடைத்தாலே நிறம் வந்துவிட்டால் அது சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ ஆகும். அதன்மேல் எந்த வகையும் நேரடியாக நிலைக்காது, சுரண்டிக் கழுவிய பிறகே பிரைமர் என்னும் அடிப்பூச்சு. இரண்டு திரவங்களைக் கலந்து பூசும் எப்பாக்ஸி போன்ற பூச்சுகளும் ஸ்பிரிட்டுக்கு அசையா. வீட்டுக்குள் அவை அரிது.

பழைய கட்டடமாயின் தேய்க்கும் முன் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய எண்ணெய்ப் பெயிண்டுகளில் ஈயச் சேர்மங்கள் நிறமியாகவும் உலர்த்தியாகவும் பயன்பட்டன. உட்புறப் பூச்சு வேலையில் ஈய வெள்ளையைத் தடைசெய்யும் உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1921-லேயே ஏற்றது. ஆயினும் பல நாடுகளில் ஈயம் அதன் பிறகும் நெடுங்காலம் விற்பனையில் இருந்தது, அமெரிக்கா வீட்டுப் பெயிண்டில் அதைத் தடைசெய்தது 1978-இல்தான். சந்தேகம் இருந்தால் பரிசோதனைக்கு அனுப்புங்கள். முடியாதபோது உலர்வாகத் தேய்ப்பதையும் தீயால் சுட்டு உரிப்பதையும் தவிர்த்து, பரப்பை நனைத்துத் தேய்த்து, நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் அணிந்து, குழந்தைகளை அந்த இடத்திலிருந்து அப்புறப்படுத்துங்கள். நன்றாக ஒட்டியிருக்கும் ஈயப் பூச்சைத் தொடாமல் மேலே பூசி மூடிவிடுவதே பல நேரங்களில் நல்ல முடிவு.

அறிகுறி: படலம் பட்டை பட்டையாக உரிந்து வருகிறது

பொருக்கின் பின்பக்கம் சொல்லும் செய்தி மூன்று வகைப்படும். பின்பக்கம் சுத்தமாகவும் வழவழப்பாகவும் இருந்து, உரிந்த இடத்தில் பழைய பளபளப்பான பூச்சு தெரிந்தால், புதிய பெயிண்ட் பழையதைப் பிடித்துக்கொள்ளவே இல்லை. பழைய எண்ணெய் எனாமலின்மேல், குறிப்பாகக் கதவு, சட்டம், கைப்பிடிச் சுவர் போன்ற இடங்களில், நேராக நீர்வகையைப் பூசியதால் வருவது இது. பின்பக்கத்தில் பழைய பெயிண்டின் அடுக்குகளும் சேர்ந்து வந்தால், கோளாறு கீழேயுள்ள ஏதோ ஓர் அடுக்கில் இருக்கிறது. மேலே எதைப் பூசினாலும் அந்த அடுக்கோடு சேர்ந்து கழன்றுவிடும். பின்பக்கத்தில் வெள்ளை மாவோ மணலோ ஒட்டியிருந்தால், பூச்சுச் சுவரே உதிர்கிறது அல்லது ஈரம் வருகிறது என்று பொருள்.

இன்னும் உரியாமல் இருக்கும் பகுதியை நம்பலாமா என்று அறிய, கூரிய பிளேடால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் நீளவாக்கில் ஆறு, குறுக்கே ஆறு என்று கீறல்கள் போட்டு, அதன்மேல் நல்ல ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, ஓரத்தைப் பிடித்துச் சட்டென்று இழுங்கள். கீறலின் ஓரங்களில் மட்டும் சிறு துணுக்குகள் வந்தால் அந்தப் பரப்பு தாங்கும். கட்டங்கள் கட்டங்களாகவே பெயர்ந்து வந்தால் அந்த அடுக்கை எடுத்தே ஆக வேண்டும். உரிந்த இடத்தை மட்டும் பட்டி பார்த்து மூடுவது செலவைத் தள்ளிப்போடுவதே தவிர வேறில்லை, ஏனெனில் பக்கத்துப் பகுதி அடுத்து உரியக் காத்திருக்கிறது.

பழைய எனாமலின்மேல் நீர்வகை நிற்கவே நிற்காது என்று பலர் சொல்வது சரியன்று. அழுக்கையும் எண்ணெய்ப் பசையையும் நீக்கும் சோப்பால் கழுவி, நன்றாக உலர்ந்தபின் 120 முதல் 180 எண் கொண்ட உப்புத்தாளால் பளபளப்பு முழுவதும் மங்கும் வரை தேய்த்து, தூசியைத் துடைத்து, பளபளப்பான பரப்பிலும் ஒட்டும் என்று குறிப்பிட்ட பிரைமர் ஒரு கோட் கொடுத்துவிட்டால் நீர்வகை நன்றாகவே நிற்கும். கழுவுவது முதலிலும் தேய்ப்பது பிறகும் வர வேண்டும். வரிசையை மாற்றினால் எண்ணெய்ப் பசையை உப்புத்தாளே கீறல்களுக்குள் தேய்த்துச் சேர்த்துவிடும்.

இதன் தலைகீழான நிலை நீர்வகையின்மேல் எண்ணெய் எனாமல் பூசுவது. இது முதல் நாளில் நன்றாக ஒட்டுவதாலேயே ஏமாற்றுகிறது. கீழே நெகிழ்வான படலம் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஏற்ப விரிந்து சுருங்க, மேலே உள்ள கடினமான படலம் அதனோடு சேர்ந்து அசைய முடியாமல் சில ஆண்டுகளில் வெடிக்கிறது. கடினத்தின்மேல் நெகிழ்வு நிற்கும், நெகிழ்வின்மேல் கடினம் வெடிக்கும் என்ற இந்த வரிசையை, வெயில் படும் வெளிப்புற மரத்தில் கட்டாயம் பார்க்க வேண்டும். உட்புறத்தில் ஒரே ஒரு மெல்லிய கோட்டுக்கு அவ்வளவு கண்டிப்பு வேண்டியதில்லை.

அறிகுறி: சிமெண்ட் சுவரில் எண்ணெய்ப் பெயிண்ட் பிசுபிசுத்து, இளகி, தோலாக வருகிறது

எண்ணெய்வகையைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறுகளில் இதுவே மிகவும் செலவு வைப்பது, நோயும் தெளிவானது. புதிய சிமெண்ட், சுண்ணாம்புப் பூச்சுகள் கடும் காரத்தன்மை கொண்டவை. அவற்றின் ஈரத்தின் பி.எச். அளவு 12-க்கும் மேல் இருக்கும். ஆல்கைட் பிசினிலுள்ள எண்ணெய்ப் பிணைப்புகளைக் காரமும் ஈரமும் சேர்ந்து அறுக்கின்றன. எண்ணெயோடு காரத்தைச் சேர்த்துச் சோப்புக் காய்ச்சும்போது நிகழும் அதே வினைதான் சுவரில் நிகழ்கிறது. கிடைக்கும் பொருளும் ஒருவகைச் சோப்பே. அதனால்தான் அந்த இடத்தைத் தொட்டால் வழுக்குகிறது, நிறம் திட்டுத் திட்டாக வெளுக்கிறது, சில இடங்களில் பழுப்புத் துளிகள் கசிகின்றன.

இங்கே பலரும் செய்யும் வேலை, பெயிண்ட் சரியாகக் காயவில்லை என்று எண்ணி இன்னும் சில வாரம் காத்திருந்து பார்த்துவிட்டு, மேலே இன்னொரு கோட் எனாமல் அடிப்பது. இரண்டும் பயனற்றவை. சோப்பாக மாறிவிட்ட படலம் மீண்டும் பெயிண்டாக மாறாது. இளகிய பகுதி முழுவதையும் சுரண்டி, உறுதியான சிமெண்ட் பூச்சு தெரியும் வரை எடுத்து, நல்ல நீரால் கழுவி, சுவர் உலரும்வரை விட வேண்டும். ஈரம் எங்கிருந்தாவது தொடர்ந்து வருகிறதா என்று பார்த்து அதை நிறுத்தியபின், காரத்தைத் தாங்கும் நீர்வகை அக்ரிலிக் பிரைமரும் அதன்மேல் அக்ரிலிக் எமல்ஷனும் பூசுங்கள். அக்ரிலிக் பிசின் காரத்துக்கு எளிதில் அறுபடாது. வினைல் அசிட்டேட் பிசின் மட்டும் கொண்ட மலிவான எமல்ஷன் அந்த அளவுக்குத் தாங்காது.

புதிய சிமெண்ட் பூச்சாயின் குறைந்தது 28 நாள் ஆறவிட வேண்டும் என்பது பொது வழக்கம். மழைக்காலத்திலும், பூச்சு தடிமனாக உள்ள இடத்திலும் அது போதாமல் போகலாம். நாளை எண்ணுவதைவிடச் சோதிப்பது நம்பகமானது. சுவரில் ஓரிடத்தை நல்ல நீரால் நனைத்து, அதில் பி.எச். தாளை அழுத்தி, வரும் நிறத்தைத் தாளோடு தந்திருக்கும் அட்டையில் ஒப்பிடுங்கள். வாங்கப்போகும் பிரைமர் எந்த அளவு வரை தாங்கும் என்று அதன் டப்பாவிலோ தகவல் தாளிலோ இருக்கும். அந்த எல்லைக்குள் வந்தபின் தொடங்கலாம்.

துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு, குழாய் ஆகியவற்றின்மேல் நேரடியாகப் பூசிய எண்ணெய் எனாமல் சில மாதங்களில் தகடு தகடாகப் பெயர்வதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த கோளாறு. துத்தநாகம் எண்ணெயின் அமிலங்களோடு வினைபுரிந்து இடையில் ஒரு துத்தநாகச் சோப்பு அடுக்கை உண்டாக்க, பிடிப்பு போய்விடுகிறது. அங்கே துத்தநாகப் பரப்புக்கென்று குறிப்பிட்ட நீர்வகைப் பிரைமரே தக்கது.

அறிகுறி: கொப்புளம்

கொப்புளத்தைப் பிளேடால் வெட்டித் திறந்து அடியில் தெரிவது எது என்று பாருங்கள். கடைசியாகப் பூசிய கோட் மட்டும் எழும்பி, கீழே பழைய பெயிண்ட் நலமாக இருந்தால், வெயிலில் சூடேறிய பரப்பில் பூசியதுதான் காரணம்: மேற்பகுதி விரைந்து தோல் கட்ட, உள்ளே சிக்கிய கரைப்பான் ஆவியாகி உப்பியிருக்கிறது. அடர்நிற எண்ணெய்ப் பெயிண்டில் இது அதிகம். தேய்த்துச் சமன்செய்து, நிழல் வந்தபின் மீண்டும் பூசினால் போதும், வகையை மாற்ற வேண்டியதில்லை.

வெட்டிய கொப்புளத்தின் அடியில் வெறும் சுவரோ மரமோ தெரிந்தால் காரணம் ஈரம். பின்னாலிருந்து வரும் நீராவியை விடாத எண்ணெய்ப் படலத்தில் இது கடுமையாக இருக்கும். நீர்வகைப் படலத்தில் குறைவாக இருக்கும், ஆனால் இல்லாமல் போகாது. உறுதிசெய்ய, சுமார் 45 சென்டிமீட்டர் சதுரமுள்ள தெளிவான பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரங்களையும் சுவரில் இடைவெளியின்றி ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறத்தில் நீர்த்துளி கோத்திருந்தாலோ சுவர் கறுத்திருந்தாலோ ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறத்தில் கோத்திருந்தால் அது அறையின் காற்றிலிருந்து வரும் ஈரம். அதற்கு மருந்து காற்றோட்டம்.

ஈரம் கசியும் சுவரை எனாமல் அடித்து ‘சீல்’ செய்துவிடலாம் என்ற யோசனை அடிக்கடி காதில் விழும். இந்தப் பொருளில் கிடைக்கும் யோசனைகளில் மிக மோசமானது அதுதான் என்பது என் கருத்து. வெளியேற வழியில்லாத நீர் படலத்துக்குப் பின்னால் தேங்கி, சுவரிலுள்ள உப்பைக் கரைத்து முன்னுக்குக் கொண்டுவந்து, அது படிகமாகும்போது பட்டியையும் பூச்சையும் சேர்த்துத் தள்ளுகிறது. சுவரில் உப்புப் பூத்திருந்தால் முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் பெருக்கி எடுங்கள். தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். குழாய், கூரை, அடித்தளம் ஆகியவற்றில் எங்கே நீர் நுழைகிறதோ அதை அடைத்து, சுவர் உலர்ந்தபின் நீராவியை விடும் மேட் எமல்ஷனைப் பூசுவதே வழி.

அறிகுறி: வெடிப்பும் சுருக்கமும்

ஆழமான, கட்டம் கட்டமான வெடிப்பு பழைய எண்ணெய்ப் பூச்சில் தெரிந்தால், பல அடுக்குகள் சேர்ந்து தடித்து, நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டது. இதன்மேல் பூசும் புதிய பெயிண்ட் உலரும்போது இழுக்கும் இழுப்பே பழைய அடுக்குகளைப் பெயர்த்துவிடக்கூடும். ஆகவே முழுதாக உரித்தெடுப்பது தவிர வேறு வழியில்லை. புதிதாகப் பூசிய எண்ணெய்ப் பெயிண்ட் சுருங்கித் திரைந்திருந்தால், கோட் தடிமனாகப் போய், உட்பகுதி காயும் முன் மேலே தோல் கட்டியிருக்கிறது. உள்ளே முற்றிலும் காயவிட்டு, தேய்த்து, மெல்லியதாக இரண்டு கோட் கொடுங்கள். நீர்ப் பெயிண்டில் மூலைகளிலும் பள்ளங்களிலும் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால் அதுவும் தடிமனால் வந்ததே. பள்ளத்தைப் பெயிண்டால் நிரப்பக் கூடாது, அது பட்டியின் வேலை.

அறிகுறி: வெள்ளை மஞ்சளாகிறது

மஞ்சளில் மூன்று வகை உண்டு. சோப்பு நீரால் துடைத்தால் போய்விடுவது சமையல் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும்; அதற்குப் பெயிண்டைக் குறை சொல்ல இடமில்லை. துடைத்தும் போகாமல், அலமாரிக்குள், கதவின் பின்புறம், மாட்டிய படத்துக்குப் பின்னால் என்று வெளிச்சம் குறைந்த இடங்களில் மட்டும் கூடுதலாக இருப்பது எண்ணெய்ப் பிசினின் இயல்பான மஞ்சளிப்பு. இருட்டில் அது வேகமாகும். அம்மோனியா கலந்த சுத்திகரிப்புத் திரவங்களின் ஆவி பட்டால் இன்னும் வேகமாகும். வெளிச்சத்தில் விட்டால் ஓரளவு திரும்ப வெளுக்கவும் செய்யும். வெள்ளை வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்பவர் எண்ணெய்வகையை வாங்கவே வேண்டாம். இதில் அக்ரிலிக்குக்கு நிகர் இல்லை.

மூன்றாவது, புள்ளி புள்ளியாகவோ வளையமாகவோ அடியிலிருந்து மேலேறி வரும் கறை. மரத்தின் கணுவிலும் சாயம் நிறைந்த மரங்களிலும் உள்ள டானின் என்ற பழுப்புச் சாறு, கூரை ஒழுகிய நீரின் பழுப்பு வளையம், புகைக்கரி, புகையிலைப் புகை ஆகியவை நீரில் கரைபவை அல்லது நீரோடு நகர்பவை. நீர்ப் பெயிண்டில் உள்ள தண்ணீரே அவற்றை மேலே இழுத்து வந்துவிடுகிறது. எத்தனை கோட் அடித்தாலும் அத்தனையிலும் ஊடுருவி வரும். இங்கே எண்ணெய்வகைப் பிரைமரோ அரக்கிலிருந்து செய்யும் ஷெல்லாக் பிரைமரோ தன் தகுதியைக் காட்டுகிறது. அதை ஒரு கோட் கொடுத்துக் கறையை அடைத்துவிட்டால், மேலே தயக்கமின்றி நீர்வகையைப் பூசலாம். இரண்டு வகைகளையும் ஒரே வேலையில் சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

குளியலறைச் சுவரில் புதிய எமல்ஷனின்மேல் பழுப்பு நிறத்தில் ஒட்டும் நீர்க்கோடுகள் வழிந்தால் அச்சப்பட வேண்டாம். படலம் முதிரும் முன் ஈரம் பட்டதால், பெயிண்டிலுள்ள சோப்புத்தன்மை கொண்ட சேர்க்கைகள் கரைந்து மேலே வந்திருக்கின்றன. வெதுவெதுப்பான நீரால் துடைத்தால் போகும்; ஓரிரு முறை திரும்ப வந்து பின் நின்றுவிடும்.

அறிகுறி: கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொள்கிறது, அலமாரியில் வைத்த பொருள் எடுக்க வரவில்லை

நீர்வகைப் படலம் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் சற்றே இளகும் இயல்புடையது. முழு வலிமை வருவதற்குள் கதவை மூடியதும், சுவருக்கு வாங்கிய எமல்ஷனையே கதவுக்கும் பூசியதும் இரண்டு பொதுவான காரணங்கள். இரண்டு முதல் நான்கு வாரம் காத்திருந்தும் ஒட்டுதல் குறையவில்லையானால், உராயும் விளிம்புகளைத் தேய்த்து, கதவுக்கும் சாளரத்துக்கும் என்றே தயாரிக்கப்பட்ட அக்ரிலிக் எனாமலையோ, நீரில் கலக்கும் ஆல்கைட் வகையையோ பூசுங்கள். பின்னது எண்ணெய்ப் பிசினையே தண்ணீரில் பரப்பித் தயாரிப்பது. கடினமும் சமதளமும் எண்ணெய்வகைக்கு அருகில் வரும், ஆனால் மஞ்சளிப்பும் ஓரளவு கூடவே வரும். கனமான பொருள்கள் ஏறி இறங்கும் அலமாரித் தட்டுக்கு இன்றும் எண்ணெய் எனாமலைச் சொல்வோர் உண்டு. அவர்கள் சொல்வதில் தவறில்லை.

எண்ணெய்ப் பெயிண்டே வாரக்கணக்கில் காயாமல் ஒட்டினால் காரணங்கள் வேறு: தடிமன், குளிர், காற்றோட்டமின்மை, பரப்பில் மெழுகோ எண்ணெயோ இருத்தல். இவை எதுவும் இல்லாதபோது மரத்தின் இனத்தைப் பாருங்கள். தேக்கு, ஈட்டி போன்ற மரங்களிலுள்ள இயற்கைச் சாறுகள் ஆக்சிஜன் வினையைத் தடுப்பவை. எண்ணெய்வகை உலர்வதே அந்த வினையால் என்பதால் பூச்சு நனைந்தபடியே கிடக்கும். இளகியதைத் தின்னரால் துடைத்தெடுத்து, மெழுகு நீக்கிய ஷெல்லாக் ஒரு கோட் கொடுத்து மரத்தை அடைத்துவிட்டுப் பிறகு பூசுவது பழகிய தீர்வு.

அறிகுறி: பிரஷ் தடம்

எண்ணெய்வகை மெதுவாக உலர்வதால் தடங்கள் தாமே படிந்து மறையும். நீர்வகை அதற்கு நேரம் தராது. திரும்பத் திரும்ப இழுப்பவர்தான் தடத்தை உண்டாக்குகிறார். சிறு பகுதியாகப் பூசி, ஈரமான விளிம்போடு அடுத்த பகுதியைச் சேர்த்து, தொடாமல் விட்டுவிடுங்கள். நீர்வகைக்கு நைலான் அல்லது பாலியஸ்டர் இழைப் பிரஷ், எண்ணெய்வகைக்கு இயற்கை முடிப் பிரஷ். இயற்கை முடி தண்ணீரைக் குடித்துத் தொய்ந்துவிடும்.

அறிகுறி: வெளிச்சுவரைத் தொட்டால் கையில் மாவு ஒட்டுகிறது, அல்லது கறுப்புப் புள்ளிகள் பரவுகின்றன

மாவு என்பது வெயிலில் பிசின் அழிந்து நிறமி மட்டும் எஞ்சி நிற்பது. எண்ணெய்வகையில் இது விரைவாகவே வரும். வெளிப்புறத்தில் நல்ல அக்ரிலிக் நிறத்தையும் பளபளப்பையும் அதிக நாள் காப்பதால், வெளிச்சுவருக்கு எண்ணெய்வகையைப் பரிந்துரைக்க எனக்கு ஒரு காரணமும் தென்படவில்லை. மாவைப் பிரஷ்ஷாலும் நீராலும் கழுவியெடுத்து, உலர்ந்தபின் அடர்நிறத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் இன்னும் மாவு படிந்தால், உள்ளே ஊடுருவி மாவைக் கட்டும் பிரைமர் வேண்டும்.

கறுப்புப் புள்ளி பூஞ்சையா அழுக்கா என்று அறிய, ஒரு பங்கு ப்ளீச்சிங் திரவத்தை மூன்று பங்கு நீரில் கலந்து ஒரு துளி விடுங்கள். சற்று நேரத்தில் வெளுத்தால் பூஞ்சை, வெளுக்காவிட்டால் அழுக்கு. அம்மோனியா கலந்த எதனோடும் இதைச் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு உண்டாகும். பூஞ்சையைக் கொல்லாமல் மேலே பூசினால் அது புதிய படலத்தின் வழியே வந்துவிடும். ஆளிவிதை எண்ணெய் பூஞ்சைக்கு உணவாகவும் ஆகக்கூடியது என்பதால், ஈர இடத்தில் எண்ணெய்வகை பாதுகாப்பானது என்று எண்ண இடமில்லை.

அறிகுறி: இரும்புக் கம்பியில் துரு பொட்டுப் பொட்டாகத் தெரிகிறது

வெறும் இரும்பின்மேல் சாதாரண நீர்ப் பெயிண்ட் பட்டால், காயும் முன்பே துருப்புள்ளிகள் தோன்றக்கூடும். சுவரில் பட்டி பார்க்காமல் விட்ட ஆணித் தலைகளிலும் இதைக் காணலாம். பொருக்கான துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் எடுத்து, துடைத்து, அன்றைக்கே துருத்தடுப்பு எண்ணெய்வகைப் பிரைமர் கொடுங்கள். ஜிங்க் பாஸ்பேட் கலந்தவை நல்லவை. மேல் கோட் எந்த வகையாகவும் இருக்கலாம். வீட்டு வேலையில் எண்ணெய்வகைக்கு இன்னும் உறுதியாக இடம் கொடுக்க வேண்டியது இங்கேயும், கறையடைக்கும் பிரைமரிலும்தான்.

அறிகுறி: வாடை போகவில்லை

கரைப்பானின் ஆவியே எண்ணெய்வகையின் வாடைக்கு முதல் காரணம். ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் மரம், உலோகச் சட்டங்களுக்கான பெயிண்டில் ஆவியாகும் கரிமப் பொருளுக்கு விதித்த வரம்பு, நீர்வகைக்கு லிட்டருக்கு 130 கிராம், கரைப்பான் வகைக்கு 300 கிராம். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை இது காட்டும். குழந்தைகளும் மூச்சிரைப்பு உள்ளவர்களும் உறங்கும் அறையில் எண்ணெய்வகையைத் தவிர்ப்பது நல்லது. பூசிவிட்டீர்களாயின் சன்னல்களை எதிரெதிராகத் திறந்து வைத்துக் காற்று ஓடவிடுவதே மருந்து. நறுமணப் புகை வாடையை மறைக்கும், ஆவியைக் குறைக்காது. நீர்ப் பெயிண்டில் அழுகிய வாடை வந்தால் டப்பாவிலேயே பாக்டீரியா புகுந்து கெட்டிருக்கிறது; அதைச் சுவரில் பூச வேண்டாம்.

எண்ணெய்வகை, குறிப்பாக ஆளிவிதை எண்ணெய் கலந்தவை, தோய்ந்த துணிகளைப் பந்தாகச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். பெயிண்டை உலர்த்தும் அதே ஆக்சிஜன் வினை வெப்பத்தை வெளிவிடுகிறது; மடிப்புகளுக்குள் அந்த வெப்பம் தேங்கித் துணி தானாகவே தீப்பற்றக்கூடும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது நீர் நிரப்பிய உலோக டப்பாவில் மூழ்கவைத்து மூடிவிடுங்கள்.